பெயரில்லாத பிரிக் செட்: வாங்குவது முதல் விமர்சனம் எழுதுவது வரை ஒரு முழு வழிகாட்டி

பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பூட்டி வீடு, கோபுரம் என்று கட்டுகிற பொம்மைதான் பிரிக் செட். கட்டி முடித்து அலமாரியில் ஏற்றிவிட்டால் எந்த பிரிக் செட்டும் அழகாகத்தான் இருக்கும். இரண்டடி தள்ளி நின்று எடுத்த படத்தில் நல்லது கெட்டது தெரியாது. ஒரு செட்டின் தரம் முதலில் தெரிவது கட்டுகிற விரலுக்குத்தான். எந்த பிளேட் (மெல்லிய தட்டைக் கட்டை) வளைந்திருந்தது, எந்த அடுக்கை அழுத்தும்போது கட்டைவிரல் வலித்தது, எந்தக் கீல் தொட்டதும் கழன்றது, இதெல்லாம் வேலை முடிந்த மறுநாளே மறந்துவிடும். அதனால் கட்டுவது, சோதிப்பது, எழுதுவது மூன்றையும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த முறையில்தான் போகும்.

உதாரணத்துக்கு நான் சமீபத்தில் கட்டிய ஒரு கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். பழுப்பு அட்டைப்பெட்டி, மேலே ஒரு படம், ஒரு எண். தயாரித்தவர் பெயர் எங்கேயும் இல்லை. 1,386 பீஸ், விலை 2,450 ரூபாய். பாறைமேல் எட்டுப்பட்டையாக எழும் வெள்ளைக் கோபுரம், பக்கத்தில் காவலர் வீடு, உச்சியில் எரியும் விளக்கு.

முதலில், இதை வாங்குவது சரியா?

லெகோ என்ற டென்மார்க் பொம்மை நிறுவனத்தின் பிரிக்கைப் போலவே இருக்கும் ஒன்றை வாங்கலாமா? பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. நேராகவே பேசிவிடலாம். பிரிக்கின் மேலே இருக்கும் குமிழும் அடியில் இருக்கும் குழாயும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு லெகோ நிறுவனம் டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள் 1958 ஜனவரி 28. அந்த உரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதன்பிறகு பிரிக்கின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள நிறுவனம் வழக்காடிப் பார்த்தது. 2005ல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010ல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வேலையைச் செய்வதற்காகவே அமைந்த வடிவத்தைச் சின்னம் என்று சொல்லிக் காலத்துக்கும் பூட்டி வைக்க முடியாது என்பதுதான் சாரம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1949ல் லெகோ வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் பிரிக்கே, இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் தன் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த கட்டைகளைப் பார்த்துச் செய்ததுதான்.

ஆக, பிரிக்கை யாரும் செய்யலாம். ஆனால் இன்னொருவர் யோசித்து வடிவமைத்த செட்டை, அதன் அட்டைப்படம், செய்முறைப் புத்தகம் சகிதம் அப்படியே நகலெடுப்பது வேறு விஷயம், அது திருட்டு. அப்படி விற்ற லெப்பின் என்ற சீன பிராண்டின் தயாரிப்பாளர்கள் மீது 2019 ஏப்ரலில் சீன போலீஸ் நடவடிக்கை எடுத்தது. அடுத்த ஆண்டே ஷாங்காயில் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. லெகோ செட்டுகளில் வரும் மஞ்சள் முகக் குட்டி மனிதனின் உருவமும் ஐரோப்பாவில் பதிவான சின்னம். வாங்குவதற்கு முன்னால் பெட்டிப் படத்தைப் போனில் தேடிப் பாருங்கள். லெகோவின் செட் ஒன்று அதே கோணத்தில், அதே ஜன்னல் எண்ணிக்கையோடு வந்து நின்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். சொந்த வடிவமைப்பில் வரும் பெயரில்லாத செட்டுகள் நிறையவே கிடைக்கின்றன.

குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். என் பெட்டியில் முத்திரை இல்லை. நான் எனக்காக வாங்கியது, அக்கா மகன் வந்தால் மேல் தட்டுக்குப் போய்விடும். விளக்கு இருக்கும் செட்டில் பேட்டரி அறைக்குத் திருகு போட்டிருக்க வேண்டும். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பெட்டி வந்ததும்

பிரிப்பதற்கு முன் ஒரு படம், பிரித்ததும் எல்லாப் பைகளையும் வரிசையாகப் பரப்பி ஒரு படம். பின்னால் பீஸ் குறைகிறது என்று கடைக்காரரிடம் பேச வேண்டி வந்தால் இந்த இரண்டும்தான் சாட்சி. பைகளைச் சமையலறைத் தராசில் எடைபோட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பையைத் திறந்ததும் மோந்து பாருங்கள். புது பிளாஸ்டிக்கின் லேசான வாடை ஒரு நாளில் போய்விடும். மண்ணெண்ணெய் போலவோ பெயின்ட் போலவோ தலைவலிக்கிற நெடி மூன்று நாள் காற்றாட வைத்தும் போகவில்லை என்றால், அந்த செட்டை வீட்டுக்குள் வைக்க நான் சொல்ல மாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு அலசலாம். கை பொறுக்கும் சூடு, 40 டிகிரிக்குள் இருக்கட்டும். நிழலில் காயவையுங்கள். வெயில் வெள்ளை பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும்.

டம்ளரும் வெர்னியரும்

நல்ல பிரிக் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. லெகோ 1963லிருந்து இதைத்தான் பயன்படுத்துகிறது. மலிவான செட்டுகளில் சில நேரம் வாளி, மக்கு செய்கிற பாலிப்ரோப்பிலீன் வந்துவிடும். அது மெழுகுபோல வழுக்கும், பிடிப்பும் நிற்காது. கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றே கனமானது, அதனால் மூழ்கும். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பிரிக்கின் குடைவுக்குள் காற்று மாட்டிக்கொண்டால் ஏபிஎஸ்ஸும் மிதக்கும். குடைவு மேலே பார்க்கும்படி நீருக்குள் அமுக்கி, டம்ளரை இரண்டு தட்டுத் தட்டிக் குமிழிகள் வெளியேறியபின் கையை எடுங்கள். குமிழ் இல்லாத தட்டையான டைல் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது இன்னும் சுலபம். என் செட்டில் வெள்ளை, சிவப்பு, சாம்பல் மூன்றும் மூழ்கின.

அப்புறம் அளவு. குமிழுக்குக் குமிழ் நடுப்புள்ளி தூரம் 8 மி.மீ., பிரிக்கின் உயரம் குமிழை விட்டு 9.6, பிளேட்டின் உயரம் 3.2. மூன்று பிளேட் ஒரு பிரிக். 2×4 பிரிக் (அகலத்தில் 2 குமிழ், நீளத்தில் 4) 32 மி.மீ. நீளம் இருக்காது, 31.8தான் இருக்கும். பக்கத்துப் பிரிக் உரசாமல் உட்கார 0.2 மி.மீ. விட்டுவைத்திருக்கிறார்கள். பள்ளியில் பார்த்த வெர்னியர் அளவியின் டிஜிட்டல் வடிவம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பிரிக்கை அளப்பதில் பயனில்லை. 0.05 மி.மீ. பிசகு ஒரு பிரிக்கில் ஒன்றும் செய்யாது. இருபது பிரிக் அடுக்கினால் அதுவே 1 மி.மீ. ஆகிவிடும், கூரை உட்காராது. அதனால் பத்துப் பிரிக்கை அடுக்கி அளந்து பாருங்கள்: கடைசிக் குமிழை விட்டு 96 மி.மீ. வர வேண்டும். எனக்கு 96.3 வந்தது. மோசமில்லை, ஆனால் கோபுரத்தில் வேலை காட்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

வெர்னியர் இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியாது. ஐந்து பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்குங்கள். 5 × 3.2 = 16. இரண்டு குமிழ் அகலமும் 16. அந்த அடுக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இரண்டு குமிழ் அகலமுள்ள பிரிக்கின் பக்கத்தில் நிறுத்தி, விரலை மேலே ஓட்டுங்கள். அந்த 0.2 மி.மீ. இடைவெளிக்கு மேல் படி தட்டக் கூடாது. பக்கவாட்டில் குமிழ் வைத்துக் கட்டுகிற இடமெல்லாம் இந்தக் கணக்கை நம்பித்தான் நிற்கிறது. விரலில் படி நன்றாகத் தட்டினால், அந்த செட்டில் ஜன்னல் சட்டமும் பெயர்ப்பலகையும் கோணலாகத்தான் வரும்.

பிரித்து வைப்பது

பெயரில்லாத செட்டுகளில் பைகளுக்கு எண் இருக்காது, அல்லது இருந்தும் புத்தகத்தோடு பொருந்தாது. எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டும். முதலில் கை தானாக நிறம்வாரியாகப் பிரிக்கப் போகும், விடாதீர்கள். வெள்ளைக் குவியலுக்குள் ஒரு வெள்ளை 1×2 பிளேட்டைத் தேடுவது கண்ணைக் கெடுக்கும் வேலை. வடிவம்வாரியாகப் பிரித்தால், 1×2 பிளேட் குவியலுக்குள் வெள்ளை சட்டென்று கண்ணில் படும். நிறத்தைக் கண் தானாகப் பிரித்துவிடும், வடிவத்தைக் கைதான் பிரிக்க வேண்டும்.

பெரிய பீஸ்களுக்கு எவர்சில்வர் தட்டு, பிளேட்டுகளுக்கு முறம், பொடிசுகளுக்கு அஞ்சறைப் பெட்டி. 1×1 டைல், உருண்டைக் குமிழ், பின், கீல், கண்ணாடித் துண்டு (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்), கைப்பிடி வைத்தவை என்று தனித்தனிக் கிண்ணத்தில் போட்டால் கை போனதும் பீஸ் கிடைக்கும். இதற்காகவே பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். மஞ்சள் வாசம் போக மட்டும் இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது.

பிரிக்கும்போதே ஒவ்வொரு வடிவத்திலும் பத்துப் பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கிறதா, நடுவில் குழிந்திருக்கிறதா, அச்சில் பிளாஸ்டிக் பாய்ந்த இடத்துத் தழும்பு கண்ணில் படுகிற பக்கத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். 6×8க்கு மேற்பட்ட பிளேட்டுகளைக் கண்ணாடி மேசையில் வைத்து மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை தூக்கினால் அது வளைந்த பிளேட், அடித்தளத்துக்கு ஆகாது, உள்ளே எங்காவது போகட்டும்.

இனி நான் செய்த பெரிய தவறு. இரவு ட்யூப் லைட்டில் உட்கார்ந்து கோபுரத்தின் மூன்று அடுக்கைக் கட்டி முடித்துத் தூங்கப் போனேன். காலையில் பால்கனிப் பக்கம் எடுத்து வைத்தால், கோபுரம் பட்டை பட்டையாக இருக்கிறது. ஒரு வெள்ளை நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி, இன்னொரு வெள்ளை பால் மாதிரி. இரண்டு தனித்தனி வார்ப்பிலிருந்து வந்த பீஸ்களை ஒரே பையில் போட்டிருக்கிறார்கள். ட்யூப் லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மூன்று அடுக்கையும் பிரித்தேன். ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, காலை வெளிச்சத்தில் வெள்ளைப் பீஸ்களை இரண்டாகப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நீலம் தோய்ந்தவை கோபுரத்துக்கு, பால் நிறம் காவலர் வீட்டுச் சுவருக்கும் கோபுரத்தின் உள்பக்கத்துக்கும் என்று ஒதுக்கியபிறகு, ஏதோ வேண்டுமென்றே இரண்டு நிறம் வைத்ததுபோல அமைந்துவிட்டது. வெள்ளை, பழுப்பு, அடர்சிவப்பு மூன்று நிறங்களையும் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

கட்டும் வேலை

செய்முறைப் புத்தகத்தில் கறுப்பும் அடர்சாம்பலும் ஒன்றுபோல அச்சாகியிருக்கும். க்யூஆர் கோடு இருந்தால் பிடிஎஃப் இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைப் போனில் படமெடுத்து வெளிச்சத்தைக் கூட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். ஒரு படியில் எத்தனை பீஸ் சேர்கிறது என்று எண்ணிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். இந்தப் புத்தகங்களில் ஒரே படியில் இருபது பீஸைச் சேர்த்துவிடுவார்கள், பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒன்று விட்டுப்போகும்.

மெத்தை, பாய் மேலெல்லாம் வைத்துக் கட்ட வேண்டாம், அடியில் கெட்டியான பலகை வேண்டும். பெரிய பிளேட்டை நடுவில் குத்தினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலை வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிடிப்பு கூடுதலாக இருக்கும் செட்டில் விரல் நுனி புண்ணாகிவிடும். மேலே மடித்த துணி போட்டுச் சப்பாத்திக் கட்டையை உருட்டினால் எல்லாக் குமிழும் ஒரே சீராக இறங்கும். என் கோபுரத்தைக் காப்பாற்றியதே இதுதான்.

கோபுரம் எட்டுச் சுவர்ப்பலகைகளால் ஆனது. கீல்களால் ஒன்றோடொன்று கோத்து, கடைசியில் முதலாவதோடு எட்டாவதைப் பூட்ட வேண்டும். இரண்டாவது அடுக்கில் எட்டாவது பலகை சேரவில்லை. ஒன்றரை மி.மீ. இடைவெளி. இழுத்துப் பூட்டினால் எதிர்ப்பக்கக் கீல் கழன்றது. பலகைகளைத் தனித்தனியாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு பலகைகளில் கீலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே முடியளவு வெளிச்சக் கோடு தெரிந்தது, முழுதாக இறங்கவில்லை. சப்பாத்திக் கட்டை போட்டேன், கோடு மறைந்தது, வளையம் 'டக்'கென்று மூடியது. ஏதாவது சேராமல் போனால் உடனே செட்டைக் குறை சொல்லாமல், இப்படி ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். அப்புறமும் சேராவிட்டால் அது செட்டின் குறை, நோட்டில் எழுதுங்கள். எனக்கு ஐந்தாவது அடுக்கில் அப்படித்தான் ஆனது. எல்லாம் இறங்கியிருந்தும் அரை மி.மீ. மீதமிருந்தது. அந்த 96.3 அங்கே வந்து நின்றது.

கீல்களைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் மடக்கிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடுபவற்றைப் பாரம் வராத இடத்துக்கு ஒதுக்குங்கள். விளக்கு வயரைக் குமிழ்களுக்கு நடுவே உள்ள சந்தில் படுக்கவைக்க வேண்டும். குமிழ்மேல் போனால் பிரிக் அதை அறுத்துவிடும். வயரை மூடுவதற்கு முன் விளக்கை எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கரை ஒட்டும் முன் கையைக் கழுவி, ஒரு ஓரத்தைப் பிளேடு நுனியில் பிடித்து ஒட்டினால் கோணாது. கோணிவிட்டால் பசையை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். சமையல் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பீஸ் குறைந்தால்

எனக்கு நான்கு பீஸ் குறைந்தது, பதினொன்று அதிகம் வந்தது. குறைந்ததும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. பாறையின் உட்பகுதி, தரைக்கு அடியில் இருப்பது போன்ற மறைவான இடங்களில் அதே வடிவம் வேறு நிறத்தில் போடலாம், ஒரு 1×4க்குப் பதில் இரண்டு 1×2 போடலாம். அங்கிருந்து எடுத்ததை வெளியே தெரிகிற இடத்தில் வையுங்கள். ஆனால் எதை எங்கே மாற்றினீர்கள் என்று கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குப் புத்தகப் பக்கம், படி எண், பீஸின் படம் மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும். எனக்கு ஒன்பதாவது நாள் நான்கும் தபாலில் வந்தன.

விமர்சனம் எழுதுவது

முதல் வரியிலேயே காசு கொடுத்து வாங்கினீர்களா, இலவசமாக வந்ததா என்று சொல்லிவிடுங்கள். செட்டை லெகோ என்று குறிப்பிடாதீர்கள். படிப்பவர் ஏமாறுவார், இரண்டு தரப்புக்கும் அது அநியாயம்.

பத்துக்கு ஏழு என்று ஒற்றை மதிப்பெண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வடிவமைப்பு அருமையாக இருந்து பிளாஸ்டிக் மோசமாக இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். பிடிப்பு, நிறம், அளவு, செய்முறைப் புத்தகம், வடிவமைப்பு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் நோட்டிலிருந்து ஒரு ஆதாரம் காட்டுங்கள். 'பிடிப்பு சுமார்' என்பதைவிட, 'இருபது முறை போட்டுக் கழற்றியபின், ஒரு பிரிக்கைப் பிடித்துத் தூக்கினால் கீழே எட்டு பிரிக் தொங்கியது, ஒன்பதாவது விழுந்தது' என்பது வாங்க நினைப்பவருக்கு உதவும். நிறத்துக்குப் பகல் வெளிச்சப் படம்தான் வேண்டும். அழகான முழுப்படம் ஒன்று போட்டால், பிசிறு, இடைவெளி, கீறல் தெரிகிற கிட்டத்துப் படம் குறைந்தது மூன்று போடுங்கள். கண்ணாடிப் பீஸ்கள் பைக்குள்ளேயே ஒன்றோடொன்று உரசிக் கீறலோடு வருவது இந்த செட்டுகளில் சகஜம், அதை யாரும் படமெடுப்பதில்லை.

ஒரு பீஸுக்கு எவ்வளவு என்ற கணக்கை எல்லோரும் போடுவார்கள். எனக்கு 1.77 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 1×1 டைலை நானூறு போட்டுவிட்டால் பீஸ் எண்ணிக்கை ஏறி விலை மலிவாகத் தெரியும். மொத்த எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டு விலையோடு ஒப்பிடும்போது வரியையும் நினைவில் வையுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60ஆகவும், 2023ல் 70ஆகவும் உயர்ந்தது. கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று எழுதுவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

ஒரு மாதம் கழித்து

விமர்சனத்தை முதல் வாரத்தில் எழுதினாலும், முப்பதாவது நாள் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இறுக்கமாகப் பூட்டிய பிளாஸ்டிக் விரிசல் விட நாளாகும். டார்ச் அடித்து 1×1 பிரிக்குகளின் பக்கச் சுவர், கீல்களின் காது, கண்ணாடிப் பீஸ்கள் மூன்றையும் பார்த்தால் போதும். எங்காவது அடுக்கு தூக்கியிருக்கிறதா, பெரிய பிளேட் தொய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம் ஊர் மே மாதத்தில் ஜன்னலோரம் வைத்திருந்தால் கண்டிப்பாக.

என் கலங்கரை விளக்கத்தில் விளக்கறையைச் சுற்றியிருந்த கண்ணாடிப் பீஸ்களில் மூன்று, அடியிலிருந்து மேல்வரை மயிரிழையாக வெடித்திருந்தன. வெள்ளைப் பிரிக் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கீல்கள் எல்லாம் நின்றன. அந்த அரை மி.மீ. இடைவெளி அப்படியே இருக்கிறது. விமர்சனத்தின் அடியில் தேதி போட்டு இதைச் சேர்த்தேன். மிஞ்சிய பதினொரு பீஸையும் ஜிப் கவரில் போட்டு, செட்டின் எண்ணை எழுதி, செய்முறைப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிவைத்தேன். அதில் கண்ணாடி 1×1 இரண்டு இருந்தது, மூன்றாவதைக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.